தன்னைத்தான் உண்ணும் உயிரணுவும் அதன் கடிவாளமும்

சென்ற ஆண்டு தேர்வு நெருங்கியிருந்த நாட்களில், விடுதி மாணவர் ஒருவர் பிற்பகல் வகுப்பில் மயங்கி விழுந்தார். முகத்தில் நீர் தெளித்துச் சர்க்கரை மிகுதியாகக் கலந்த தேநீர் பருகுவித்தபின் தெளிவடைந்தார். வினவியபோது, முதல் நாட் காலைமுதல் அவர் ஒரு கவளமும் உண்ணவில்லை என்பது வெளிப்பட்டது. பொருள் முட்டுப்பாடு காரணமன்று, நோன்பும் காரணமன்று. "ஐயா, பட்டினி கிடந்தால் உயிரணுக்கள் தம்மிடத்துள்ள அழுக்கைத் தாமே தின்று தூய்மையாகிவிடும், மூளையும் கூர்மையடையும். இதைக் கண்டுபிடித்ததற்காகத்தானே ஜப்பானியர் ஒருவருக்கு நோபெல் பரிசு கொடுத்தார்கள்?" என்றார். அவர் விலங்கியல் மாணவர் அல்லர். ஆயினும் விலங்கியல் கற்பிக்கும் என்னைக் காட்டிலும் உறுதியோடு பேசினார்.

இஃது ஓர் இளைஞரின் அறியாமை என்று தள்ளிவிடலாகாது. நீரிழிவுக்கு மாத்திரை உண்டு வரும் என் நண்பர் ஒருவர், நன்கு கற்றவர், இதே கூற்றை நம்பி இரண்டு நாள் வெறுந் தண்ணீரோடு இருந்து, மூன்றாம் நாள் விடியலில் நினைவிழந்து கிடந்தார். அவருடைய மனைவியார் விழித்திராவிடில் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணவும் அஞ்சுகிறேன். இவ்விருவரும் கேட்டது முழுப் பொய்யன்று, அரையுண்மை. பொய்யினும் அரையுண்மையே மறுத்தற்கு அரிது. ஆதலின் மற்றையரைப் பாதியை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன். உயிரணு தன்னைத்தான் உண்பது மெய். ஆயின் அவ்வுண்டலைக் காட்டிலும், எப்பொழுது உண்ணத் தொடங்குவது, எவ்வளவு உண்பது, எப்பொழுது நிறுத்துவது என்பவற்றை வரையறுக்கும் ஆட்சியே பெரிய விந்தையாகும். அவ்வாட்சியின் தலைமைப் பீடம் மரபணுக்களிடத்து உள்ளது. அதனை விடுத்து உண்டலை மட்டும் ஊரெங்கும் பரப்புவது, குதிரையை விற்றுக் கடிவாளத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்வது போலாம்.

முதற்கண் ஒரு கணக்கைக் காண்போம். வளர்ந்த மனிதன் ஒருவன் நாளொன்றுக்கு உண்ணும் புரதம் 70 அல்லது 80 கிராம் அளவினது. அவனுடைய உடல் அந்நாளில் புதிதாகக் கட்டும் புரதமோ 250 முதல் 300 கிராம் வரை உள்ளது. மிகுதி எங்கிருந்து வருகிறது? உடலிலிருந்தேதான். பழைய புரதங்கள் அமினோ அமிலங்களாகப் பிரிக்கப்பட்டு, அவையே மீண்டும் புதியனவாகக் கோக்கப்படுகின்றன. பாட்டியின் அட்டிகையை உருக்கிப் பேத்திக்கு வளையல் செய்யும் தட்டானின் தொழிலை ஒத்தது இது. பொன் புதிதன்று, உருவமே புதிது. ஜெர்மனியினின்றும் வெளியேறி நியூயார்க்கு நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் உழைத்த ருடால்ஃப் ஷோன்ஹைமர் என்னும் அறிஞர், எடை மிகுந்த நைட்ரஜன் அணுக்களை உணவிற் கலந்து கொடுத்து, அவை உடலின் திசுக்களுட் புகுந்து நிலைபெறுதலைக் கண்டார். 1941-இல் அவர் மறைந்தபின் 1942-இல் அவருடைய நூல் வெளிவந்தது. அதுகாறும் உடலைக் கட்டி முடிந்த வீடாகவும் உணவை அவ்வீட்டில் எரியும் விறகாகவும் கருதி வந்தோர், வீடே நாள்தோறும் பிரித்துக் கட்டப்படுகிறது என்று உணரலாயினர்.

பிரிக்கும் இடம் யாது என்பதனைப் பெல்ஜியத்துக் கிறிஸ்டியன் டி டூவ் கண்டது தற்செயலான நிகழ்ச்சியாகும். லூவேன் பல்கலைக்கழகத்தில் எலியின் ஈரலை அரைத்து அவர் ஆராய்ந்துகொண்டிருந்தபோது, ஒரு நொதியின் செயல் எதிர்பார்த்த அளவிற் பத்தில் ஒரு பங்கே தென்பட்டது. எஞ்சிய கலவையைக் குளிர்ப்பெட்டியில் வைத்து, ஐந்து நாள் கழித்து மீண்டும் அளந்தார். இப்போது நொதி நிறைவாக இருந்தது. அந்நொதி யாதோ ஒரு பைக்குள் அடைபட்டிருந்தது என்றும், நாட்பட நாட்படப் பையின் சவ்வு நைந்து அது வெளிப்பட்டது என்றும் அவர் துணிந்தார். அளவை தவறிவிட்டது என்று அக்கலவையைக் கொட்டிவிடாத பொறுமையை நம் ஆய்வுக்கூடத்து மாணவர் நினைவிற்கொள்வாராக. 1955-இல் அப்பைக்கு லைசோசோம் என்று பெயரிட்டனர். புரதம், கொழுப்பு, சர்க்கரைப் பொருள்கள் முதலியவற்றைக் கரைக்கவல்ல அமில நொதிகள் அதனுள் நிறைந்துள்ளன. உயிரணு தன் உறுப்புக்களையே இப்பைக்குள் இட்டுச் சீரணித்தலைக் குறிக்க, 'ஆட்டோபேஜி', அஃதாவது தன்னுணல், என்னுஞ் சொல்லை 1963-இல் அவர் வழங்கினார். 1974-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

இவ்விடத்தில் நம் பாடநூல்கள்மீது எனக்குள்ள ஒரு குறையைச் சொல்லிவிடுகிறேன். தலைமுறை தலைமுறையாக நாம் லைசோசோமைத் 'தற்கொலைப் பை' என்று கற்பித்து வருகிறோம். தேர்வில் 'தற்கொலைப் பை எது?' என்னும் ஒரு மதிப்பெண் வினாவும் தவறாது வரும். மாணவரும் எழுதி மதிப்பெண் பெற்று மறந்துவிடுவர். நாள்தோறும் உடலைப் புதுப்பிக்கும் பட்டறையைச் சாவின் பெயரால் அழைத்தல் முறையோ? தட்டானின் உலைக்குக் கொலைக்களம் என்று பெயரிடுவார் உளரோ? அப்பெயரை ஒழித்தாலன்றி இப்பொருளைச் செவ்வையாக விளங்கவைத்தல் இயலாது என்பது என் கருத்து.

இனி அம்மாணவர் குறிப்பிட்ட ஜப்பானியரிடம் வருவோம். யோஷினோரி ஓசுமி 1988-இல் டோக்கியோப் பல்கலைக்கழகத்தில் தமக்கென ஒரு சிறிய ஆய்வுக்கூடம் அமைத்தபோது அவருக்கு வயது 43. ஈஸ்டு என்னும் நுண்ணுயிரின் வாக்குவோலை அவர் ஆராயத் தொடங்கினார். லைசோசோம் நம் உயிரணுவிற் செய்யும் தொழிலை ஈஸ்டில் செய்வது அவ்வறையே. அதனை வெறுங் குப்பைத் தொட்டி என்று பலர் கருதிய காலம் அது. பலரும் போட்டியிடும் துறையில் தமக்கு விருப்பமில்லை என்பதனாலேயே அதனைத் தேர்ந்தார் என்பர். அவர் செய்தது மிக எளியது. வாக்குவோலின் சீரண நொதிகள் இல்லாத ஈஸ்டு வகையை எடுத்து, நைட்ரஜன் இல்லாத நீரில் இட்டார். தன்னுணல் நிகழுமாயின், உள்ளே சென்ற பொருள் கரையாமல் தேங்கிக் கண்ணுக்குப் புலனாகும் அன்றோ? சில மணி நேரத்துள் வாக்குவோலுள் சிறு சிறு உருண்டைகள் நிறைந்து ஓயாது துள்ளுவதைச் சாதாரண உருப்பெருக்கியிலேயே அவர் கண்டார். இது 1992-இல் வெளியாயிற்று. மறு ஆண்டில், பல்லாயிரம் ஈஸ்டு விகாரங்களைத் தேடிப் பார்த்து, இத்தொழிலுக்கு இன்றியமையாத 15 மரபணுக்களை அவரும் அவருடைய மாணவி மிகி சுகாடாவும் வெளியிட்டனர். அவற்றை ஒத்த மரபணுக்களே மனிதனிடத்தும் பெரும்பாலும் உள்ளன. 2016-இல் அவருக்கு, வேறொருவரும் பங்கு கொள்ளாது, நோபெல் பரிசு அளிக்கப்பட்டது.

ஓசுமிக்குப் பரிசு அளிக்கப்பட்டது உண்ணாவிரதத்தின் பெருமையை நிறுவியதற்காக அன்று. தன்னுணலை இயக்கும் கருவிகளையும் அக்கருவிகளைச் சமைக்கும் மரபணுக்களையும் கண்டு காட்டியதற்காகும். ஈஸ்டைப் பட்டினியிட்டது அக்கருவிகளைக் காண்பதற்குரிய வழி, பரிந்துரையன்று. மின்னல் வெளிச்சத்திற் பாதையைக் கண்டவன், மின்னல் உடம்புக்கு நல்லது என்று சொல்லியதாகக் கொள்ளலாமோ?

தன்னுணல் நிகழும் விதத்தைச் சுருங்கக் கூறுகிறேன். உயிரணுவினுள் வளைந்த சவ்வுத் தகடு ஒன்று தோன்றி விரிகின்றது. பழுதுற்ற மைட்டோகாண்ட்ரியாவையோ, திரண்டு கட்டிபட்ட புரதங்களையோ, வெறும் உயிரணுச் சாற்றையோ அது சூழ்ந்து, வாய் மூடி, இரட்டைச் சவ்வுப் பையாகின்றது. அப்பை லைசோசோமோடு கலக்க, உள்ளிருப்பவை கரைந்து, அமினோ அமிலங்கள் முதலியன மீண்டும் உயிரணுச் சாற்றுக்கு வந்துசேர்கின்றன. இவ்வளவே. ஆயின் இத்தொழில் நெறி தவறினால் உயிரணு தன் அடுப்பங்கரையையே இடித்துத் தின்றுவிடும். ஆகவே இதன்மீது இரு நிலைக் காவல் உள்ளது.

முதல் நிலை விரைந்து செயற்படுவது. அதன் கதை பசிபிக்குப் பெருங்கடலின் நடுவே ராப்பா நூயி என்னும் தீவில் தொடங்குகிறது. 1964-இல் கனடா நாட்டுக் குழுவொன்று அத்தீவின் மண்ணைச் சேகரித்துச் சென்றது. அம்மண்ணில் வாழும் பாக்டீரியம் ஒன்றிலிருந்து, அந்நாளையப் பஞ்சாபிற் பிறந்த சுரேந்திரநாத் சேகல் என்பார் மாண்ட்ரியல் நகரில் ஒரு மருந்தைப் பிரித்தெடுத்தார். தீவின் பெயரால் அது ராப்பமைசின் எனப்பட்டது. இடையே அவ்வாய்வு கைவிடப்பட்டபோது, அந்நுண்ணுயிரை அவர் தம் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் காத்தார் என்பது இனிய செய்தி. அம்மருந்து சென்று பற்றும் புரதத்தை 1991-இல் ஸ்விட்ஜர்லாந்தின் பாசல் நகரத்தில் ஈஸ்டின் வாயிலாகக் கண்டனர். அதற்கு டார் என்று பெயர். அமினோ அமிலங்கள் நிறைந்திருக்கும்வரை டார் விழித்திருந்து, தன்னுணலைத் தொடங்கும் புரதங்களின்மீது பாஸ்பேட்டு முத்திரையிட்டு அவற்றை அடக்கி வைக்கின்றது. உணவு குறைந்தால் அதன் பிடி தளர்கின்றது. 1998-இல் ஓசுமியின் கூடத்தில், வயிறார உணவிட்ட ஈஸ்டுக்கு ராப்பமைசினைக் கொடுத்தபோது, அது பட்டினி கிடப்பதுபோலவே தன்னை உண்ணத் தொடங்கிற்று. பஞ்சம் வந்ததென்று உயிரணுவை ஏமாற்ற ஒரு மருந்து போதும் என்றால், கட்டளை உணவிடத்து இல்லை, உணவை அறிந்து சொல்லும் தூதனிடத்து உள்ளது என்பது தெளிவாகும்.

இரண்டாம் நிலையே மரபணு ஆட்சி. விரைந்து தொடங்கிய பணி நீடிக்கவேண்டுமாயின் பொருள் வேண்டும்: பைகள் வேண்டும், நொதிகள் வேண்டும், லைசோசோம்கள் வேண்டும். இவையெல்லாம் மரபணுக்களின் படியிலிருந்தே ஆக்கப்படவேண்டியவை. ஒவ்வோர் உயிரணுவினுள்ளும் முழுச் சுவடிக்கட்டும் இருக்கின்றது. எந்த ஏட்டை எப்போது பிரித்துப் படிப்பது என்பதே ஆட்சி.

2009-இல் இத்தாலி நாட்டு நேப்பிள்ஸ் நகரத்தில் ஆண்ட்ரியா பல்லாபியோவின் குழுவினர் ஓர் அரிய செய்தியை வெளியிட்டனர். லைசோசோமுக்கு வேண்டிய மரபணுக்கள் உயிரணுவின் குரோமோசோம்களில் அங்குமிங்குமாகச் சிதறிக் கிடப்பினும், அவற்றுட் பலவற்றின் முகப்பில் பத்தெழுத்துடைய ஒரே குறி காணப்பட்டது. அக்குறி ஜி-டி-சி-ஏ-சி-ஜி-டி-ஜி-ஏ-சி என்பது. டி.என்.ஏ. என்பது இரட்டை இழையாகலின், ஓர் இழையில் இதனைப் படித்துவிட்டு, எதிரிழையை மறுதிசையிற் படித்தாலும் அதே பத்தெழுத்துக்களே வரும். தமிழ்ப் புலவர் மாலைமாற்று என்று ஒரு செய்யுள் வகை வைத்தனர். முதலிலிருந்து படிப்பினும் இறுதியிலிருந்து படிப்பினும் ஒன்றாகவே நிற்பது அது. புலவர் அறிவின் கூர்மையைக் காட்டச் செய்ததனை உயிரணு தன் பசியை ஆள்வதற்குக் கைக்கொண்டிருக்கிறது என்று யான் வகுப்பிற் சொல்வதுண்டு. தமிழ் வகுப்பிலிருந்து வந்த மாணவர் மட்டும் நகைப்பர்.

அக்குறியைக் கண்டு வந்தமர்ந்து மரபணுவை எழுப்பும் புரதத்திற்கு டி.எப்.ஈ.பி. என்று பெயர். வயிறு நிறைந்த உயிரணுவில் இப்புரதம் உட்கருவினுள் நுழைய விடப்படுவதில்லை. டார் லைசோசோமின் மேற்புறத்திலேயே அமர்ந்துகொண்டு, வரும் டி.எப்.ஈ.பி.யின்மீது பாஸ்பேட்டு முத்திரை குத்துகின்றது. முத்திரை பெற்றதனை வேறொரு புரதம் வெளியிலேயே பிடித்து நிறுத்திவிடுகின்றது. பட்டினியில் டார் இடம் பெயர்கின்றது. லைசோசோமிலிருந்து கசியும் கால்சியம் ஒரு நொதியை எழுப்ப, அது முத்திரையை அழிக்கின்றது. விடுபட்ட டி.எப்.ஈ.பி. உட்கருவை அடைந்து, மேற்சொன்ன குறிகளைத் தேடி அமர்ந்து, லைசோசோமின் நொதிகளுக்குரிய ஏடுகளையும், 2011-இல் கண்டபடி, தன்னுணலின் பைகளுக்குரிய ஏடுகளையும் ஒருங்கே திறக்கின்றது. அதன்மேலும் ஒரு வியப்பு உண்டு. தன்னுடைய மரபணுவையும் அது தானே எழுப்பிக்கொள்கிறது என்பது 2013-இல் அறியப்பட்டது. சீரணப் பை தன் வயிறு காலியாயிருப்பதனை உட்கருவுக்கு ஓலை விடுகின்றது. உட்கரு மேலும் சீரணப் பைகளைச் செய்து அனுப்புகின்றது. ஏவலாளன் என்று நாம் எண்ணியிருந்தவன் அமைச்சனாகவும் இருக்கின்றான்.

ஈஸ்டிலும் இவ்வாட்சி உண்டு. அங்கே அடக்குவோன் முன்னிற்கின்றான். உணவு உள்ளபோது யூமி-6 என்னும் புரதம் ஏ.டி.ஜி.-8 என்னும் மரபணுவின்மீது கிடந்து அதனை ஓசையிடவிடாது அமுக்கிவைக்கின்றது, பட்டினியில் விலகுகின்றது. அம்மரபணு தரும் புரதத்தின் அளவே பை ஒவ்வொன்றின் பருமனை வரையறுக்கின்றது என்று 2008-இலும், ஏ.டி.ஜி.-9 என்பதன் அளவு பைகளின் எண்ணிக்கையை வரையறுக்கின்றது என்று 2014-இலும் காட்டப்பட்டன. எத்துணைப் பெரிய பை, எத்துணைப் பைகள் என்பனகூட வெவ்வேறு ஏடுகளில் எழுதப்பட்டிருக்கின்றன! இதைப் படித்தபின்னும் தன்னுணலை 'உண்டு', 'இல்லை' என்னும் இரண்டே நிலையுடைய விளக்காகப் பேசுவது எங்ஙனம்?

இனி நிறுத்தம். இதனைப்பற்றி ஊரார் பேசக் கேட்டதே இல்லை. பட்டினி நீடிக்கும்போது, கரைந்த புரதங்களிலிருந்து அமினோ அமிலங்கள் பெருகுகின்றன. அவ்வமினோ அமிலங்களே, வெளியிலிருந்து ஒரு பருக்கையும் வராதபோதும், தளர்ந்திருந்த டாரை மீண்டும் எழுப்புகின்றன. எழுந்த டார் தன்னுணலைத் தணிக்கின்றது. கலந்து பெருத்துவிட்ட லைசோசோம்களினின்றும் புதிய சிறு லைசோசோம்கள் பிரிகின்றன. இது 2010-இல் வெளியாயிற்று. பட்டினி முடியுமுன்னரே உயிரணு தன் கையைத் தானே பிடித்துக்கொள்கிறது. பட்டினியை நீட்டிக்க நீட்டிக்கத் தூய்மை பெருகிக்கொண்டே போகும் என்பார்க்கு உயிரணு தானே விடை கூறிவிட்டது.

குறைந்தால் என்னாம், மிகுந்தால் என்னாம் என்பதற்குச் சில சான்றுகள் கூறுவேன். தாய் எலியின் வயிற்றிலிருந்து குட்டி வெளிப்பட்டவுடன் கொப்பூழ்க்கொடி வழி வந்த உணவு அறுகின்றது. பால் இன்னும் கிடைக்கவில்லை. அவ்விடைவேளையில், பிறந்து 3 முதல் 12 மணி நேரம் வரை, குட்டியின் இதயம் முதலிய உறுப்புக்களில் தன்னுணல் ஓங்கி நின்று, ஓரிரு நாட்களில் பழைய நிலைக்குத் தணிகின்றது. நோபோரு மிசுஷிமாவின் குழுவினர் 2004-இல், ஏ.டி.ஜி.-5 என்னும் மரபணுவை நீக்கிய குட்டிகளைப் பிறப்பித்தனர். பிறக்கும்போது அவை ஏறத்தாழ இயல்பாகவே இருந்தன. ஒரு நாளுக்குள் இறந்தன. பாலின்றி வைத்தபோது இயல்பான குட்டிகள் ஏறத்தாழ 21 மணி நேரம் தாங்க, இவை 12 மணி நேரமே தாங்கின. நாம் ஒவ்வொருவரும் உலகிற்கு வந்த முதல் நாளில் நம்மையே சிறிது உண்டு பிழைத்திருக்கக் கூடும் என்று எண்ணும்போது உள்ளம் நெகிழ்கின்றது. அன்றியும், மூளையின் நரம்பணுக்களில் மட்டும் இத்தொழிலை நீக்கியபோது, எலிகளின் நரம்பணுக்களிற் புரதக் கட்டிகள் திரண்டு அவை தள்ளாடி நலிந்தன என்று 2006-இல் இரு குழுவினர் காட்டினர். அவ்வெலிகள் பட்டினி கிடந்தவை அல்ல, நன்றாக உண்டவை. உண்டிருக்கும்போதும் சிறிதளவு தன்னுணல் ஓயாது நடந்துகொண்டே இருக்கிறது என்பதும், நலம் பெறுதற்குப் பட்டினியே வாயில் அன்று என்பதும் இதனாற் பெறப்படும்.

மிகுந்தால் வருவதனைத் தசையிற் காணலாம். ஃபாக்சோ-3 என்னும் புரதம் தசையின் உட்கருவுட் சென்று தன்னுணல் மரபணுக்களை எழுப்பி, தசையை உருக்கிவிடுகின்றது என்று 2007-இல் பதுவா நகரத்து அறிஞர் காட்டினர். அதே நகரத்தினர் 2009-இல், தன்னுணலை முற்றும் நீக்கினாலும் தசை நலிகின்றது என்று காட்டினர். கூடினும் தேய்வு, குறையினும் தேய்வு. புற்றுநோயிலும் அவ்வாறே: தன்னுணல் குன்றிய திசுக்களிற் கட்டிகள் எழுவதுண்டு, எழுந்த கட்டிகளுட் சில, குருதி எட்டாத தம் நடுப்பகுதியைக் காத்துக்கொள்ளத் தன்னுணலையே துணைக்கொள்வதும் உண்டு. ஆகவே 'தன்னுணலைப் பெருக்குக' என்பதனை எல்லார்க்கும் பொது மருந்தாக எழுதிக் கொடுப்பவர், எந்நோயாளி எதிரே நிற்கிறார் என்று பாராமலே எழுதுகின்றார்.

'பதினாறு மணி நேரம் உண்ணாதிருந்தால் தொடங்கும்' என்று மணிக்கணக்கும் சொல்கிறார்கள். உயிரோடுள்ள மனிதனின் ஈரலிலும் இதயத்திலும் எந்த மணியில் எவ்வளவு தன்னுணல் நிகழ்கிறது என்பதனை எளிதில் அளந்து காட்டும் முறை நம்மிடம் இல்லை. எலிகளில் அளந்தவற்றை மனிதனுக்கு அப்படியே ஏற்றுகின்றனர். எலி ஒரு நாள் பட்டினி கிடப்பது மனிதன் ஒரு நாள் பட்டினி கிடப்பதற்கு நிகரன்று. அச்சிறு பிராணி ஒரு நாளில் தன் எடையிற் கணிசமான பங்கை இழந்துவிடும். மேலும், எலிகளை ஒரு நாள், இரு நாள் பட்டினியிட்டு மிசுஷிமா ஆராய்ந்தபோது, ஈரலிலும் தசையிலும் தன்னுணல் ஓங்கியும், மூளையில் அவ்வாறு ஓங்கக் காணவில்லை. மூளை கூர்மையடையும் என்று இரவுணவை விட்ட நம் மாணவர் இதனை அறிவாராக.

உண்ணாமையின் நன்மைகளை யான் முற்றும் மறுக்கவில்லை. மிகையாக உண்பவர் குறைத்தல் நன்று; அதற்கு உயிரணுவைச் சான்றுக்கு அழைக்க வேண்டுவதில்லை. இறைவனை முன்னிட்டு நோன்பு நோற்பாரும் தம் நோன்புக்கு ஆய்வுக்கூடத்தின் நற்சான்று வேண்டி நிற்கலாகாது. தபசு நாட்களாயினும், ஏகாதசியாயினும், ரம்சானாயினும், அவை லைசோசோம் கண்டறியப்படுமுன்னரே நிலைபெற்றவை; அதன் பெயரால் அவற்றைத் தாங்குவது அவற்றுக்குப் பெருமையன்று. சிலர் என்னிடம், 'அரையுண்மையானால் என்ன? அதனாலாவது நாலு பேர் நொறுக்குத்தீனியைக் குறைக்கிறார்களே' என்றனர். குறைப்பவர் நால்வர், என் நண்பரைப்போல் மாத்திரையை விழுங்கிவிட்டுச் சோற்றை விடுபவர் ஒருவர் இருந்தாலும், அந்த ஒருவருக்கு விடை சொல்ல வேண்டியவர் யார்? இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருள் மருத்துவர் பலர் உளர். நீரிழிவு மருந்து உண்பவர், கருவுற்றிருப்பவர், வளரும் பருவத்தினர் ஆகியோரிடம் இதனை அவர்கள் கேளாமலே எடுத்துரைத்தல் வேண்டும் என வேண்டிக்கொள்கிறேன். கேட்டபின் உரைப்பது பல வேளைகளிற் காலங்கடந்ததாகிவிடுகிறது.

நம் கல்லூரியில் ஒன்று செய்யக் கூடும். ஓசுமி பயன்படுத்தியது விலையுயர்ந்த கருவியன்று. அடுமனைக் கடையில் விற்கும் ஈஸ்டும், நம் கூடத்தில் உறையிட்டு வைத்திருக்கும் உருப்பெருக்கிகளும் போதும், வாக்குவோலைக் காண்பதற்கு. அவர் கண்ட உருண்டைகளைக் காண நொதியிழந்த சிறப்பு வகை வேண்டும். அதனைப் பின்னர்த் தேடிக்கொள்வோம். முதலில் அவ்வறையை மாணவர் தம் கண்ணாற் காணட்டும்.

மயங்கி விழுந்த அம்மாணவரை அடுத்த வாரம் கூடத்திற்கு அழைத்தேன். கணித மாணவராயினும், தயக்கமின்றி வந்தார். சர்க்கரைக் கரைசலில் ஊறிய ஈஸ்டில் ஒரு துளியையும், வெறும் நீரில் இரவு முழுதும் கிடந்த ஈஸ்டில் ஒரு துளியையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கச் செய்தேன். நெடுநேரம் கண்ணை எடுக்காது பார்த்துக்கொண்டிருந்தவர், "ஐயா, இது எப்போது நிறுத்தவேண்டும் என்று இதற்கு யார் சொல்கிறார்கள்?" என்று கேட்டார். பரிசைப்பற்றி அவர் கேட்கவில்லை. டாரைப்பற்றிச் சொல்லத் தொடங்கினேன். விடுதியில் உணவு மணி அடித்தது. போய் உண்டுவிட்டு வரும்படி சொன்னேன். இப்போதெல்லாம் அவர் இரவில் இரண்டாம் முறை குழம்பு கேட்கிறார் என்று விடுதிச் சமையற்காரர் என்னிடம் குறைபட்டுக்கொள்கிறார்.